கைதட்ட வைப்பது யார்?

கேள்வி: சட்டத்தைக் கையில் எடுக்கும் படங்களில் கொலைக்குக்கூடக் கைதட்டுகிறோமே, அது கதையின் வேலையா, கேமராவும் இசையும் செய்யும் வேலையா?
– வாசகர், கிளமெண்டி, சிங்கப்பூர்

பதில்: லஞ்சத்தை விசாரிக்க 1952 முதல் தனிப் பிரிவே இயங்கும் ஊரில் உட்கார்ந்து, நீங்களும் லஞ்சக்காரர்களைக் கொல்லும் சேனாபதிக்குக் கைதட்டினீர்கள் என்றால் கேமராவுக்குத்தான் முதல் மாலை! ‘இந்தியன்’ (1996) படத்தில் தன் மகளைச் சாகவிட்ட மருத்துவரை அவர் கொல்வது தொலைக்காட்சி நேரலையில். ஒளிப்பதிவாளர் ஜீவாவின் கேமராவுக்குள் இன்னொரு கேமரா. குற்றப்பத்திரிகை, சாட்சியம், தண்டனை எல்லாம் அதன் முன்னாலேயே முடிகின்றன. ஊரே டிவி பார்க்கிறது. நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறோம். அப்புறம் எப்படி மறுப்பது?

இசையின் பங்கை அறிய ஒரு சோதனை: இப்படிப்பட்ட படத்தின் சண்டைக்காட்சியை ஒலியில்லாமல் பாருங்கள். பத்துப் பேரைச் சாய்க்கும் வீரர், மூச்சிரைக்கும் சாதாரண மனிதராகிவிடுவார்.

இதற்கு நேரெதிர் ‘டாக்ஸி டிரைவர்’ (1976). துப்பாக்கிச்சூடு ஓய்ந்ததும் மைக்கேல் சாப்மனின் கேமரா உச்சிக்கு ஏறி, ரத்தத்தையும் பிணங்களையும் மேலிருந்து நிதானமாகப் பார்க்கிறது. பெர்னார்ட் ஹெர்மனின் இசையில் வெற்றி முழக்கம் இல்லை, இருண்டு கனக்கிறது. நாயகன் காலடியில் கேமராவை வைத்து முரசு கொட்டினால் அவன் நீதிபதி. கூரையில் வைத்தால் அவன் நோயாளி. இயக்குநர் ஸ்கார்செசி கூரையைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் துணிச்சலைத் தமிழில் இன்னும் அடிக்கடி பார்க்க ஆசைப்படுகிறேன்.