தலை தட்டி ஒரு கரண்டி

எங்கள் வீட்டில் அரிசி அளந்தால் படியில் கும்பாச்சியாகத்தான் அளப்பார்கள். தலை தட்டி அளப்பது வட்டிக்கடைக்காரன் புத்தி என்பது என் மனைவியின் கட்சி. அந்தக் கை பேரனுக்குப் பால் பவுடர் கலக்கப் போனால் என்ன ஆகும்? டப்பாவுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கரண்டியின் மேல் ஒரு சின்னக் கோபுரம் எழும்பும். அதற்கு மேல், ‘பிள்ளை சவலையா இருக்கானே’ என்று கலசம்போல் இன்னொரு சிட்டிகை.

மருமகளின் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு, தாய்ப்பாலோடு டப்பாப் பாலும் தேவைப்பட்டது. குழந்தை டாக்டர் கணக்குச் சொன்னார்: 30 மில்லி தண்ணீருக்குத் தலை தட்டி ஒரு கரண்டி. பவுடர் கூடினால் மலம் இறுகும், பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை. தண்ணீர் கூடினால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. “கையளவு, கண்ணளவு எல்லாம் இதுல வேண்டாம்மா” என்று என் மனைவியிடம் அழுத்தியே சொன்னார். அந்தக் கையளவிலேயே ஊறி வளர்ந்த என் தொந்தி அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு அடுக்களையில் ஆட்சி மாறியது. நான் கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். பில்லில் ஒரு பைசா உதைத்தாலும் திருப்பி அனுப்பியே பேர் கெட்டவன். வீட்டில் எனக்கு அடுப்பு பற்றவைக்கும் உரிமை குளிக்கிற வெந்நீரோடு சரி. ஆனால் இந்தப் பால் சமையலே இல்லை. பதம் கிடையாது, பக்குவம் கிடையாது, விதி மட்டும் உண்டு. விதி என்றால் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

புட்டியையும் நிப்பிளையும் கழுவிக் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி, மூடிவைத்து, அரை மணி நேரம் ஆவதற்குள் புட்டியில் ஊற்ற வேண்டும். முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். “பச்சைப் பிள்ளைக்கு எதுக்குங்க இம்புட்டுச் சூடு? ஆறவச்சே கலக்குனா என்ன?” என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால், சீல் வைத்து வருவதாலேயே பவுடர் கிருமியில்லாதது ஆகிவிடாது. க்ரோனோபேக்டர் என்றொரு கிருமி அந்த வறண்ட பவுடரிலும் பிழைத்துக் கிடக்கக்கூடியது. அதனால்தான் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வழிகாட்டி வெளியிட்டது. வெந்நீர் பிள்ளைக்காக இல்லை, பவுடருக்காக. கலக்கிய பிறகு பிள்ளைக்காக ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பது.

கரண்டியைக் கத்தியின் முதுகால் வழித்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவேன். இதைப் பார்த்து வீடே சிரித்தது. ராத்திரி டியூட்டி என் மகனுடையது. தூக்கக் கலக்கத்தில் மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தவனிடம் அவன் அம்மா படுக்கையிலிருந்தபடியே, “டேய், கேஸை மூடினியா?” என்றாள். போட்டது நாலா, அஞ்சா? பிள்ளை வீறிட்டுக்கொண்டிருக்க, அப்பா எந்திரிப்பா என்று என்னைத்தான் எழுப்பினான். சந்தேகமான வவுச்சரைப் பாஸ் பண்ணக் கூடாது. கொட்டிவிட்டு மறுபடி கலக்கச் சொன்னேன். மறுநாள் ராத்திரியிலிருந்து அவனும் டிக் போட்டான்.

டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்கு அதன்மேல் தனி மரியாதை. தாய்ப்பால்தான் குழந்தைக்குச் சிறந்தது என்று தன் முதுகிலேயே பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு கடையில் நிற்கிற சரக்கு அது. 1992-ஆம் வருடச் சட்டம் அப்படி. டப்பாவின்மேல் குழந்தை படமோ தாய் படமோ போடக் கூடாது, விளம்பரம் கூடாது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் கூடாது. கொழுகொழு பிள்ளையைப் பார்த்தால் ‘கிளாக்ஸோ பேபி’ என்று கன்னத்தைக் கிள்ளிய தலைமுறை நான். எனக்கு இந்தப் படமில்லாத டப்பா முதலில் ஏதோ பூச்சிமருந்து மாதிரி தெரிந்தது.

வீட்டில் பெரிய சண்டை வந்தது மிச்சத்தில்தான். பிள்ளை வாய் வைத்த பாலில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். எச்சில் பட்டால் கிருமி பெருகும். வாயே வைக்காவிட்டாலும் வெளியில் 2 மணி நேரம்தான் கெடு. பழையசோற்றுக்குக்கூடப் பச்சைமிளகாய் தேடுகிற வீட்டில், டப்பா விற்கிற விலைக்குப் பாலைச் சாக்கடையில் ஊற்றுவதா? ஊரிலிருந்து வந்திருந்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் மிச்சத்தைச் சேர்த்துவைத்து உறை ஊற்றிவிட்டாள். விடிந்து பார்த்தால் பாலுமில்லை, தயிருமில்லை. “இது என்னடா பாலு, சொன்ன பேச்சுக் கேக்காத பாலு!” என்று அவளே கொண்டுபோய்க் கொட்டினாள்.

ஒன்பதாம் மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை. கோயில் சாத்தூர்ப் பக்கம். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் பயணம். கலக்கியே கொண்டுபோனால் வழியிலேயே 2 மணி நேரக் கெடு தீர்ந்துவிடும். ஆகவே பிளாஸ்கில் கொதித்த தண்ணீர் தனி, வேளைக்கு வேளை அளந்த பவுடர் சின்னச் சின்ன டப்பிகளில் தனி, வேகவைத்த புட்டிகள் தனி. பிள்ளையின் மூட்டையைத் தூக்க ஆள் தேவைப்பட்டது. பிள்ளையைத் தூக்கத்தான் போட்டி.

விழுப்புரம் தாண்டி எங்கேயோ அவனுக்குப் பசித்தது. கலக்குவது எளிது. ஆறவைப்பதுதான் பாடு. மூடிய புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். ரயில் குழாயோ அழுத்தினால்தான் வரும், விட்டால் நின்றுவிடும். இடது உள்ளங்கையால் குழாயை அழுத்தி, வலது கையால் புட்டியைச் சுழற்றி, பெட்டி ஆடும் ஆட்டத்துக்கு இடுப்பைக் கதவோரம் முட்டுக்கொடுத்து நின்றேன். உள்ளே பேரன் பெட்டி முழுவதையும் எழுப்பிவிட்டிருந்தான். எழுந்தவர்கள் சும்மா இருப்பார்களா? “பிஸ்கட்டை நனைச்சுக் குடுங்க” என்றார் கீழ்ப் படுக்கை அம்மாள். “வயித்து வலியா இருக்கும், வசம்பு வச்சிருக்கீங்களா?” என்றது மேலிருந்து ஒரு தலை. பல் துலக்க வந்த ஒருவர் என் பின்னால் வரிசையில் நின்று, “சார், இன்னும் ஆறலையா?” என்றார். அந்த நேரத்தில் எதற்குப் பல் துலக்கினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சாத்தூரில் இறங்கிக் கோயிலுக்குப் பஸ் பிடிக்கப் போனோம். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015-இல் வந்தன. நல்ல காரியம். ஆனால் அது தாய்மார்களுக்கு. புட்டியும் பிளாஸ்குமாகத் திரிகிற தாத்தாவுக்குச் சேவுக்கடை பெஞ்சுதான். கடைக்காரர் காராச்சேவைத் தராசில் நிறுத்துவிட்டு, மேலே ஒரு கை அள்ளிப் போட்டார். நான் எதிரே உட்கார்ந்து கரண்டியைத் தலை தட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கோயிலில் பொங்கல் பொங்குவதற்குள் பத்துப் பேர் பசும்பாலைச் சிபாரிசு செய்தார்கள். ஒரு வயதுக்கு முன்னால் தாய்ப்பாலுக்குப் பதிலாக அது ஆகாது, இரும்புச் சத்து போதாது என்று டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். “நாங்கள்லாம் என்ன துருப்பிடிச்சா போயிட்டோம்?” என்றார் சித்தப்பா.

ஆனால் பாலைக் குறைசொன்ன அத்தனை பேருக்கும் டப்பாவின்மேல் ஒரு கண் இருந்தது. காற்றுப் புகாத தகரம், இறுக்கமான மூடி. புளி போட, வற்றல் போட, சீட்டுப் பணம் போட. காலியானால் தனக்கு என்று அக்கா முதலில் சொல்லிவைத்தாள். அடுத்து சித்தி, சம்பந்தியம்மாள், பூசாரி வீட்டம்மா. டிக் போடுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசைப்படி பெயர் எழுதிக்கொண்டேன். சென்னை திரும்பிய வாரம், விலை குறைவு என்று மருமகள் அட்டைப்பெட்டியில் வரும் பாக்கெட்டை வாங்கிவந்துவிட்டாள். அக்கா நேற்றும் போன் பண்ணினாள்.