உங்கள் பலவீனம் என்ன, தம்பி?

பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தை விரலால் தட்டி, ஓசையைக் கேட்டே உள்ளிருக்கும் சுளையின் பக்குவத்தைச் சொல்லிவிடுவார்கள். மனிதரையும் அப்படித் தட்டிப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கைக்குப் பெயர் நேர்முகத் தேர்வு. ஒரே சிக்கல், எப்படி ஒலிக்க வேண்டும் என்று பலாப்பழம் பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்துவிட்டு வருவதில்லை. நம் பிள்ளைகள் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால், "எந்த வேலையையும் குறையில்லாமல் முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது சார்" என்கிறார்கள். வேலை தேடும் அத்தனை பேருக்கும் ஒரே பலவீனம் என்றால், அதைப் பலவீனம் என்பதா, தொற்றுநோய் என்பதா?

பாவனைக்குச் செலவிடும் நேரம் வீண் என்பதே என் கட்சி. ஏனென்றால் அந்தப் பாவனையை அளக்கும் கருவி மேசைக்கு அந்தப் பக்கமும் இல்லை. அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சில மாணவர்களைக் கேள்வியின் பொருளைப் பார்க்காமல் ஒரு குருட்டு விதிப்படி ஆம், இல்லை என்று பதில் சொல்ல வைத்தார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு அது பிடிபடவே இல்லை. ஆளை நன்றாகப் புரிந்துகொண்டோம் என்ற திருப்தியோடு எழுந்து போனார்கள். அமெரிக்கர்களை மட்டும் கிண்டல் செய்ய நமக்கு உரிமை கிடையாது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் ஒரு மாணவரின் நேர்முகத்துக்கு இரண்டு மூன்று நிமிடமே ஒதுக்கி, மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை அதற்கே வைத்திருந்தார்கள். 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தன்னிச்சையானது என்றது. அந்தச் சேர்க்கைமுறையில் நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்றும் சொன்னது. குடிமைப் பணித் தேர்வின் 2,025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275தான்.

அப்படியானால் நேர்முகத்தையே ஒழித்துவிடலாமே என்பீர்கள். கீழ்நிலைப் பதவிகளுக்கு மத்திய அரசு 2016 முதல் ஒழித்தேவிட்டது. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் சண்டை ஓயும் என்று எண்ண வேண்டாம். 2022-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பொறியாளர் பணிக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பட்டியல் போட்டபோது, அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளே இல்லை என்று கட்சிகள் கொதித்தன. மரியாதையும் உடையும் வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டும். சலவைச் சட்டை, ஒரு பஸ் முன்னதாகக் கிளம்புவது, உட்காரச் சொன்ன பிறகு உட்காருவது, பாடம் முடிந்தது. இதற்கு ஒரு மாத வகுப்பு எதற்கு? சித்திரை வெயிலில் டை கட்டிப் போகிறவரைப் பார்த்தால் வேலை கொடுப்பதற்கு முன் ஒரு சொம்பு மோர் கொடுக்கத்தான் தோன்றும்.

எல்லாரிடமும் ஒரே கேள்விகளை, வேலையை ஒட்டிக் கேட்கும் நேர்முகம் அரட்டையைவிட நன்றாகவே ஆளைக் கணிக்கிறது என்று 2022-இல் வந்த விரிவான ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. ஆகவே தயாரிப்பு வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். நெய்வேலிக்குப் போகிற மெக்கானிக்கல் பையன், கண்ணாடி முன் புன்னகை பழகுவதற்குப் பதில், அங்கே பம்புகள் ஏன் இரவும் பகலும் ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ளட்டும். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் கைவைக்க முடியும். இதை இரண்டு நிமிடம் தெளிவாகச் சொல்கிறவர் கையை எங்கே வைத்துக்கொண்டார் என்று யார் கவனிக்கப் போகிறார்கள்? தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவருக்குத் தயக்கம் இருக்காது.

கேள்வி கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்று அதே அஜய் ஹாசியா தீர்ப்பு யோசனை சொல்லியிருக்கிறது. இன்று அந்தக் கருவி எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் கேள்விகளை நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள், ஐயா.