ஆறு கருப்பொருள், பத்துப் பண்பு

ஜெனிவாவில் 1968-ல் தொடங்கிய ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) கல்வி அமைப்பு, 1997-ல் தொடக்கப் பள்ளிக்கும் ஒரு பாடத்திட்டம் வகுத்தது. ஆறு கருப்பொருள்கள், மாணவருக்குப் பத்துப் பண்புகள். கேள்வி கேட்பவர், திறந்த மனத்தவர், துணிந்து இறங்குபவர்... (மாப்பிள்ளையிடம்கூட நாம் இத்தனை எதிர்பார்ப்பதில்லை.) கற்றலை நடத்திச் செல்வது பிள்ளைதான், ஆசிரியர் கூடவே வருவார். நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன்.

கடைசி ஆண்டில் பிள்ளை தனக்கு முக்கியமாகப் படும் பிரச்சினையைத் தானே ஆராய்ந்து கண்காட்சி வைக்க வேண்டும். முந்தைய இரவு சென்னை அடுக்ககங்களில் விளக்கு அணைவதில்லை. கடலில் பிளாஸ்டிக் சேர்வதைக் கண்டித்து அப்பா சார்ட் ஒட்ட, அம்மா எழுத, மாமா தெர்மாகோல் ஆமைக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கிறார். மையத்தில் இருக்க வேண்டிய பிள்ளை எட்டரைக்கே தூங்கப் போயாயிற்று. காலையில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டுமே!