கனவுக்குப் பலன் கேட்கப் போகிறவர்களுக்கு

கனவு கண்டது நீங்கள்தான். ஆனால் அது எப்படிப் பலிக்கும் என்பது பலன் சொல்பவரின் வாயில் இருக்கிறது. பாபிலோனியத் தல்மூதில், பெராக்கோத் என்ற பகுதியின் 55ஆம் தாளிலிருந்து யூத ரபிகள் இதைத்தான் அலசுகிறார்கள். எருசலேமில் பலன் சொல்பவர்கள் 24 பேர் இருந்தார்களாம். ரபி பனாஹா ஒரே கனவை அத்தனை பேரிடமும் சொன்னார். ஆளுக்கொரு பலன் சொன்னார்கள்; 24ம் பலித்தது. ஆகவே ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்கக் கிளம்பாதீர்கள். இரண்டும் வந்து சேரும்.

ஆள் கிடைத்ததும் முதலில் காசை வையுங்கள். நான்காம் நூற்றாண்டில் அபயே, ராவா என்ற இரண்டு பேரறிஞர்கள் ஒரே கனவோடு பார் ஹெத்யா என்ற பலன் சொல்பவரிடம் போனார்கள். ஜாடியின் வாயில் லெட்டூஸ் கீரை. அபயே ஒரு சூஸ் வெள்ளிக்காசு கொடுத்தார். அவர் வியாபாரம் கீரைபோலத் தழைக்கும் என்றார் பார் ஹெத்யா. ராவா கொடுக்கவில்லை; அவர் வியாபாரம் கீரைபோலக் கசக்கும். இப்படியே கனவுக்குமேல் கனவு. சட்டத்தில் மயிரைப் பிளக்கும் ராவாவுக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. பிறகு தனியாகப் போய், வெளிக்கதவு விழக் கண்டதாகச் சொன்னார். மனைவி இறப்பாள் என்று பதில் வந்தது. கடைசியில் காசு கொடுத்தார், பலன்களும் நல்லவையாயின. ஆனால் மனைவி போய்விட்டிருந்தாள். ஒருநாள் படகிலிருந்து இறங்கும்போது பார் ஹெத்யா தன் புத்தகத்தைத் தவறவிட்டார். ராவா எடுத்துப் பார்த்தால், கனவெல்லாம் சொல்பவன் வாய்ப்படியே நடக்கும் என்று எழுதியிருந்தது. மற்றதையெல்லாம் மன்னித்தார், மனைவி விஷயத்தை மன்னிக்கவில்லை, சபித்தார். பலன் சொல்லும் தொழிலுக்கு வர நினைப்பவர்களும் இதைக் கவனிக்கவும்: புத்தகத்தைப் படகில் கொண்டுபோகாதீர்கள்.

செலவில்லாத வழியும் உண்டு. மூன்று நண்பர்களை உட்காரவைத்து, நல்ல கனவு கண்டேன் என்று சொல்லுங்கள். நல்லதுதான், நல்லதாகவே ஆகட்டும், நல்லதென்றே வானத்திலிருந்து ஏழு முறை தீர்ப்பாகட்டும் என்று அவர்கள் வாழ்த்த வேண்டும். கொட்டாவி விடாத நண்பர்களாகப் பாருங்கள்.

விரதமும் இருக்கலாம், ஓய்வுநாளில்கூட. ஆனால் ஓய்வுநாளின் இன்பத்தைக் கெடுத்ததற்குப் பரிகாரமாக இன்னொரு நாளும் பட்டினி கிடக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்பவர்கள் தல்மூதில் வரும் ஷ்முவேல் என்ற அறிஞரைப் பின்பற்றலாம். வானசாஸ்திரம் அறிந்த மனிதர். கெட்ட கனவு வந்தால், கனவு பொய் என்னும் வேதவசனத்தைச் சொல்வார். நல்ல கனவு வந்தால், கனவாவது பொய்யாவதாவது என்று கேட்டு, கடவுளே கனவில் பேசுவதாக வரும் வசனத்தை எடுப்பார். இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.