விட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்யும் விசைப்பலகை: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மடிக்கணினியின் விசைப்பலகை முழுதாகச் செத்துப்போவது ஆய்வுக்குரிய பொருள் அன்று. செத்ததை மாற்றிவிடலாம், அதில் புலமைக்கு வேலை இல்லை. காலையில் அடிக்கும், பதினோரு மணிக்கு நிற்கும், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வந்தால் மறுபடி அடிக்கும் என்கிற நிலைதான் அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளாத துறை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகு, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று ஊர் ஊராகப் பிள்ளைகளின் பையில் ஏறி விசைப்பலகை வீட்டுக்குள் வந்துவிட்டது. களம் விரிந்தது, ஆய்வாளர்தான் வரவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

முன்னோர் கருத்து மூவகைப்படும். நின்றுபோன எதுவும் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துகொள்ளும் என்பர் தட்டல் நெறியினர். வால்வு ரேடியோ காலத்தில் பிறந்து, பெட்டி டிவி காலத்தில் செழித்த நெறி இது. மடிக்கணினியில் அந்தத் தட்டு ஹார்டு டிஸ்க்கின் மேலும் விழும் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. ஊதல் நெறியினர் விசை இடுக்குகளில் வாயால் ஊதுவர். ஆடிக் காற்றில் வந்த புழுதி கொஞ்சம் வெளியே போகும். ஊதியவரின் எச்சில் கொஞ்சம் உள்ளே போகும். மூன்றாவது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுதல். பாமர நெறி என்று இதை ஒதுக்குவது தவறு. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியும். விசைகளைக் கவனிக்கவென்றே போர்டில் உட்கார்ந்திருக்கும் சிறு சிப் மயக்கம் தெளிந்து எழும். அவ்வப்போது பலித்துவிடுகிறது என்பதுதான் இந்நெறியின் ஆபத்து. பலித்ததைக் கண்டவர் அப்புறம் வேறெதையும் நம்பமாட்டார்.

தகுதிக் கொள்கை என்று நான்காவதாக ஒன்றையும் சிலர் நீட்டுவர். தக்க புலவருக்கே இடங்கொடுத்த சங்கப் பலகை பொற்றாமரைக் குளத்தில் மிதந்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. இங்குள்ள பலகை எழுதுகிறவரின் தரம் பார்த்துத்தான் நிற்கிறது என்பது வாதம். வாதம் நிற்காது. பட்டா மாறுதலுக்கு மனு அடிக்கும்போது நிற்கிற பலகை, அக்கா மகன் உட்கார்ந்து கார் ஓட்டி விளையாடும்போது நின்றதாகச் சான்றே இல்லை.

சிந்தனையாளருக்கு மட்டும் வரும் பழுது ஒன்றும் உண்டு. விண்டோஸில் வலது ஷிஃப்ட் விசையை எட்டு நொடி அழுத்தியபடியே இருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற ஏற்பாடு விழித்துக்கொள்ளும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காகச் செய்த நல்ல காரியம் அது. தொட்டவுடன் எடுக்கும் அழுத்தங்களைப் பொருட்படுத்தாது. அடுத்த வாக்கியத்தை யோசித்தபடி சுண்டுவிரலை அங்கே ஊன்றியிருப்பவருக்குத் திரையில் ஒரு கேள்வி வரும். கேள்வியைப் படிக்காமல் 'எஸ்' கொடுப்பது நம் மரபு. பிறகு எத்தனை வேகமாக அடித்தாலும் ஓர் எழுத்து விழாது. யோசிக்காமல் எழுதுகிறவரை இந்தத் தொல்லை அண்டுவதில்லை. தமிழில் புத்தகங்கள் இவ்வளவு வருவதற்கு இதுவும் ஒரு காரணமா என்று பார்க்க வேண்டும்.

இனிப் பழுதின் விளைவு. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில், புள்ளி ஆங்கில எஃப் இருக்கும் விசையில் வருகிறது. இடக்கை ஆள்காட்டி விரல் தடவி இடமறியச் சிறு மேடு வைத்த விசை. அது ஒன்று மட்டும் நின்றுபோனால் மதுரை என்னாகும்? ஒன்றும் ஆகாது, பெயரில் புள்ளி இல்லை. வைகையும் கீழடியும் அப்படியே பிழைக்கும். திருப்பரங்குன்றம் கடைசி எழுத்தில் மட்டும் அடிபடும். காரணம், ஒரே மெய்யை இருமுறை அடித்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் தமிழ்99 தானே புள்ளி வைத்துக்கொள்ளும். மீனாட்சியும் அழகரும்தான் பாவம்: 'மீனாடசி', 'அழகர'. பதற வேண்டாம். மதுரையை அடுத்த மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழிக் கல்வெட்டுகளிலும் புள்ளி கிடையாது. ஓலை எழுதினவர்களும் ஏடு கிழியுமே என்று பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எஃப் செத்த கணினியில் அடித்த மனுவை உ.வே.சாமிநாதையர் தடுமாறாமல் வாசித்திருப்பார். தாலுகா ஆபீஸில் வாசிப்பார்களா என்பது தனி ஆய்வு.

நோயறியும் முறை சுருக்கமானது. ஒரு விசை மட்டும் நின்றால் அதனடியில் தூசி, அல்லது காபி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து விசைகள் சேர்ந்து நின்றால் தடம். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய தடங்களில்தான் விசைகளெல்லாம் கோத்திருக்கின்றன. ஒரு தடம் அறுந்தால் அதில் கோத்தது அத்தனையும் போகும். எல்லாமே நின்றால் பயாஸ் திரைக்குள் போய் அம்புக்குறியை அழுத்திப் பார்க்கவும். அங்கே நகர்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் விண்டோஸ். கீபோர்டு டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் போதும். அங்கேயும் நகராவிட்டால் விசைப்பலகையையும் போர்டையும் இணைக்கும் ரிப்பன் கேபிள்மேல் சந்தேகம் திரும்பும். (பலகை நடுவில் மேடு தட்டியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்போது ஆய்வை நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றவும். இது நகைச்சுவை அல்ல.)

இக்கட்டுரையின் கருதுகோள் இந்த ரிப்பனைப் பற்றியதே. வீட்டில் நிற்கும் பலகை கடையில் ஏன் நிற்பதில்லை? மே மாத மத்தியானம், திருநகரில் ஒரு வீடு. கரண்டும் இல்லை, பேட்டரியில் ஓடும் கணினி கொதிக்கிறது. சூட்டில் ரிப்பனின் நுனி கொண்டிக்குள் தலைமுடி அளவு விலகுகிறது, பலகை நிற்கிறது. அணைத்து, பையில் போட்டு, டூவீலரில் பசுமலை, பழங்காநத்தம், பெரியார் பஸ் ஸ்டாண்ட் வழியாக டவுன்ஹால் ரோட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். போகும் வழியில் சூடு ஆறுகிறது. ஒவ்வொரு வேகத்தடையும் ரிப்பனுக்கு ஒரு குலுக்குக் கொடுக்கிறது; பள்ளங்கள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. கடைத் தம்பி திறந்து பத்து எழுத்து அடித்துப் பார்த்து, "நல்லாத்தானண்ணே இருக்கு" என்கிறார். ஆளைக் கண்டு பழுது ஒளிந்துகொள்கிறது என்று ஊரார் நம்புகிறார்கள். ஒளியவில்லை; வருகிற வழியிலேயே குணமாகிவிட்டது.

ஆகவே நின்ற நேரத்தில் செல்போனில் வீடியோ எடுத்துவைப்பது முதல் கடமை. கடையில் கணினியைச் சூடேற விட்டு, உள்ளங்கை படும் இடத்தை மெல்ல அமுக்கிப் பார்க்கச் சொல்வது அடுத்தது. அமுக்கும்போது உயிர் வந்து, கையை எடுத்தால் போனால் கருதுகோளுக்கு வலுச் சேரும்.

மேற்கண்டவற்றை இவ்வாய்வாளர் ஒரு கடைத் தம்பியிடம் விரிவாக எடுத்துரைத்தார். அவர் கேட்டுக்கொண்டே அடிமூடியைக் கழற்றி, கறுப்புக் கொண்டியை நகத்தால் தூக்கி, ரிப்பன் நுனியைத் துடைத்து, அதன் முதுகில் பழுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டித் தடிமனாக்கி, மறுபடி செருகிக் கொண்டியைச் சாத்தினார்.

"தெரியும்ணே" என்றார். "ரோட்டைப் புதுசாப் போட்டாய்ங்கன்னா பழுது பழுதாவே வந்து சேரும். பாத்த உடனே சொல்லிருவோம்."