கண்ணில் படாத ஓட்டல்

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் பக்கம் போனால், கம்பெனி வேலையாக வரும் கொரியாக்காரரையும் ஜப்பான்காரரையும் நம்பிக் கட்டிய ஓட்டல்கள் நிற்கின்றன. எல்லாம் கண்ணாடி ஒட்டிய பெட்டி. யாரும் திட்டுவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. ஓட்டல் கட்டுகிறார்கள் என்று ஊரே சண்டைக்கு வந்த கதை வேண்டுமானால் கடல் தாண்டி இலங்கையின் தம்புள்ளைக்குப் போகவேண்டும்.

விநோதமாகக் கட்டும் வியாதி அங்கே பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற பிள்ளையாண்டான் அப்பா தாதுசேனனைச் சுவரில் வைத்துப் பூசிவிட்டு ராஜாவானான் என்கிறது சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல். தம்பி படை திரட்ட இந்தியாவுக்கு ஓட, அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. சிகிரியாவில் 200 மீட்டர் உயரப் பாறையின் உச்சிக்கு ஏறி அரண்மனை கட்டிக்கொண்டான். பாதி வழியில் ராட்சதச் சிங்கம். அதைக் கடந்துதான் மேலே போகவேண்டும். இன்று பாதங்கள் மட்டும் மிச்சம். அப்பனையே சுவரில் வைத்துப் பூசியவனிடம் 'வாசல் சரியில்லை' என்று யார் சொல்வார்கள்? ஊர் வாயை மூடிக்கொண்டது.

1990களில் எயிட்கன் ஸ்பென்ஸ் கம்பெனி சிகிரியா அருகே ஓட்டல் கட்ட ஜெஃப்ரி பாவாவைக் கூப்பிட்டது. வக்கீல் தொழில் அலுத்து, நாற்பதை நெருங்கும்போது கட்டடக் கலைஞரானவர். ரோல்ஸ் ராய்ஸ் பிரியர். சென்னை கன்னிமாரா ஓட்டலைப் புதுப்பித்ததும், மதுரையில் கிளப் கட்டியதும் அவர்தான். கோட்டேயில் இலங்கை நாடாளுமன்றத்தைத் தண்ணீருக்கு நடுவே வைத்தவரும் அவரே. உள்ளே போகிறவர்களைப் பற்றி அவருக்கு ஏதோ அபிப்பிராயம் இருந்திருக்கவேண்டும். காட்டிய இடம் பிடிக்காமல், ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்து, சிகிரியாவைத் தள்ளி நின்று தரிசிக்கும்படி கண்டலம ஏரிக்கரைப் பாறையைத் தேர்ந்தெடுத்தார்.

இந்தத் தடவை ஊர் சும்மா இருக்கவில்லை. பிக்குகள், சூழல் ஆர்வலர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். ஏரியில் சாக்கடை கலக்கும், காடு அழியும், கலாசாரம் கெடும். முதல் இரண்டு பயமும் நியாயமானவை. மூன்றாவது, எந்த ஓட்டல் வந்தாலும் எழுதி வைத்திருந்து வாசிப்பது.

பாவா வாதாடவில்லை, ஒளிந்துகொண்டார். முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 152 அறைகள், பாறையை ஒட்டிப் பாம்பு மாதிரி வளைந்து போகும் கட்டடம். மழைநீர் அடியில் ஓடட்டும் என்று தூண்கள்மேல் தூக்கி வைத்தார். தூணெல்லாம் இருண்ட நிறம், கூரையில் செடி, முகப்பில் கொடி படர மரச்சட்டம். வரவேற்புக் கூடத்துக்குள் பாறையே எட்டிப் பார்க்கும். மாடிப்படி மேலே சிற்பி லக்கி சேனநாயக்க செய்த பிரமாண்ட ஆந்தை வேறு. கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

1994இல் திறந்தார்கள். சில வருஷத்தில் காடு கட்டடத்தை மூடிவிட்டது. காசியப்பன் ஊரே பார்க்கட்டும் என்று சிங்கம் வைத்தான். இங்கே ஏரியின் அக்கரையில் நின்று ஓட்டல் எங்கே என்று தேடவேண்டும். அமெரிக்காவின் லீட் பசுமைச் சான்றிதழும் வந்து சேர்ந்தது. எதிர்த்தவர்கள் திட்டுவதற்குக் கட்டடம் கண்ணில் படவேண்டாமா?

புதுக் குடித்தனத்தை உடனே கண்டுபிடித்தவை குரங்குகள்தான். பால்கனிக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள் என்று விருந்தாளிகளை எச்சரிக்கிறார்கள். குரங்கு பால்கனியில் உட்கார்ந்திருக்க, காசு கொடுத்தவர் கண்ணாடிக்குள்ளே.