நாகர்கோவிலில் இருந்தபடியே ஃபான் ஹோவைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் நல்ல நேரம் பாருங்கள். ராத்திரி ஒன்றரை மணி உத்தமம். வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள், கையில் போன் இருக்கும். அதில் புகைப்படக்காரர் ஃபான் ஹோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று: ஒரு சந்து, மேலிருந்து சரியும் வெயில், அதைக் கடந்துபோகும் ஒற்றை ஆள். "அடடா!" என்று எழுந்து உட்காருங்கள். கண்டுபிடித்தாயிற்று.

1. படத்துக்கு அரை வினாடிக்கு மேல் கொடுக்காதீர்கள். தள்ளிக்கொண்டே போங்கள். நாற்பது படம் பார்த்த பிறகு எதில் படிக்கட்டு இருந்தது, எதில் டிராம் வந்தது என்று ஞாபகம் இல்லாவிட்டால் சரியான பாதையில் போகிறீர்கள்.

2. மறுநாள் டீக்கடையில் அறிவியுங்கள்: "யாருக்குமே தெரியாத ஆளு மக்கா!" 1931-இல் ஷாங்காயில் பிறந்து, ஹாங்காங்குக்குக் குடிபெயர்ந்து, 280-க்கும் மேற்பட்ட விருது வாங்கி, ஷா பிரதர்ஸ் குரங்கு ராஜா படங்களில் துறவியாக நடித்து, பிறகு இயக்குநராகவும் இருந்து, 2016-இல் காலமானவர். இருக்கட்டும். நேற்று ராத்திரி வரை உங்களுக்குத் தெரியாதல்லவா, அதுதான் கணக்கு.

3. பழியை ஊர்மேல் போடுங்கள். "ஹாங்காங்ல எடுத்தா யாரு எடுத்தாலும் நல்லாத்தான் வரும். இங்க என்ன இருக்கு, பிளக்ஸ் போர்டு!" இந்த நம்பிக்கை குலையாமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு. காலையில் கோட்டாறு கம்போளம் பக்கம் போகவே கூடாது. கடைக்கும் கடைக்கும் நடுவே கட்டிய தார்ப்பாயில் ஓட்டை இருக்கும். அதன் வழியே வெயில் கம்பி மாதிரி இறங்கும். மூட்டை இறக்கும்போது கிளம்பும் மிளகாய்த் தூசி அந்த வெளிச்சத்தில் அப்படியே நிற்கும். தலைச்சுமைக்காரர் ஒருவர் அதற்குள் நுழைந்து முகமில்லாத நிழலாக வெளியே வருவார். ஃபான் ஹோ ஹாங்காங் சந்தைகளில் மணிக்கணக்கில் காத்திருந்தது இதற்காகத்தான். உங்களுக்கு எதற்கு வம்பு? தும்மல் வரும். தோவாளைப் பூச்சந்தையும் ஆகாது. அது விடியுமுன்னே கூடிவிடும், நீங்களோ ஒன்றரை மணிவரை கலை ரசித்த அசதியில் இருப்பீர்கள்.

4. கேமரா வாங்குங்கள். ஃபான் ஹோ, அப்பா வாங்கிக் கொடுத்த ஒரே ரோலிஃபிளெக்ஸை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவர். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். தவணையில் ஒன்று, தவணை முடியுமுன் அதைவிட நல்லது ஒன்று.

5. ஃபான் ஹோவின் 'நெருங்கும் நிழல்' புகைப்படத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளுங்கள். இது முக்கியம், நிதானமாகச் செய்யுங்கள். 1954-இல் எடுத்தது. வெள்ளைச் சுவரோரம் தலைகுனிந்து நிற்கும் பெண் அவருடைய உறவுக்காரர். அந்தப் பெண்ணை நோக்கிச் சரிந்துவரும் முக்கோண நிழல் அந்தச் சுவரில் விழவே இல்லை. பிறகு இருட்டறையில் ஃபான் ஹோ சேர்த்தது. இன்ன சுவர், இன்ன இடத்தில் ஆள், இங்கே நிழல் என்று முதலிலேயே மனத்தில் கட்டிவைத்திருந்தார் என்ற பகுதியைத் தாண்டிவிடுங்கள். "அப்போ எல்லாம் எடிட்டிங்தான்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, போனில் 'நுவார்' என்றிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். உங்கள் மச்சானின் பைக்கும் அக்காள் மகளின் காதுகுத்தும் ஒரே நொடியில் இருண்டுவிடும்.

6. அதே 1954-இல் தமிழில் 'அந்த நாள்' படம் வந்தது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், மாருதி ராவ் ஒளிப்பதிவு. பாட்டே கிடையாது, ஆரம்பத்திலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி சாய்கிறார். நிழலை வைத்தே ஆளைச் சந்தேகப்பட வைக்கும் வித்தை அதில் இருக்கிறது. பார்க்காதீர்கள். தமிழில் பார்த்தால் ரசனை குறைந்துவிடும்.

7. படம் எடுக்க மழைக்கு ஏங்குங்கள். நாகர்கோவில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் நனைக்கும் ஊர் என்பதை மறந்துவிட்டு ஏங்குங்கள். மழை வந்ததும் கேமரா நனையுமே என்று ஜன்னலைச் சாத்துங்கள். வானம் வெளுத்ததும் உச்சிவெயிலில் மணிமேடைக்குப் போய், கடிகாரத்தைக் கோணலாக எடுத்து இருட்டாக்குங்கள். குறுக்கே வருபவர் "எண்ணே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கோ, பஸ்ஸு வருது" என்றால் முறையுங்கள். அவர் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல் விழுந்திருக்கும். அதை எடுக்க வேண்டாம்.

8. தலைப்பு வையுங்கள்: "உறங்கா நகரம்." பத்து மணிக்கெல்லாம் கடையடைக்கும் ஊர்தான், லைக் போடுகிறவர்களுக்கு அது தெரியவா போகிறது?

9. பன்னிரண்டு லைக்கோடு நின்றுவிட்டதா? ஃபான் ஹோவின் காலம் முடிந்தது என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே ஜப்பானின் டைடோ மொரியாமாவைக் கண்டுபிடியுங்கள். 1971-இல் மிசாவாவில் ஒரு தெருநாயைப் படமெடுத்தே பேர் வாங்கியவர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நாய்க்கா பஞ்சம்?